எந்தெந்த உலோகம் என்று கேட்ட மாப்பிள்ளைக்கு

அன்பும் பொறுமையும் நிறைந்த மாடி வீட்டு மாப்பிள்ளை அவர்களுக்கு,

கீழ் வீட்டு மாமனார் எழுதும் கடிதம். நீங்கள் நலமாக இருப்பது என் தலைக்கு மேல் கேட்கும் காலடிச் சத்தத்திலிருந்தே தெரிகிறது. மகளும் நலம்தான், அட்டைப் பெட்டிகளை அவள் இழுக்கிற வேகத்தைப் பார்த்தால் உடம்புக்கு ஒரு குறையும் இருப்பதாகத் தோன்றவில்லை. இங்கே உங்கள் மாமியார் நலம். நான் சுமார். ஒரே வீட்டில் இருந்துகொண்டு எதற்குக் கடிதம், ஏறி வந்து சொல்லலாமே என்பீர்கள். மாடிக்கு வருவதானால் முதலில் கூப்பிட்டுவிட்டு வரவேண்டும் என்பது மகளின் உத்தரவு. கூப்பிட்டால் என்ன விஷயம் என்று கேட்பாள். அதைச் சொல்ல வாய் வராததால்தான் பேனாவை எடுத்தேன்.

நாளைக் காலையில் லாரி வந்து உங்கள் சாமான்களை ஏற்றிக்கொண்டு போய்விடும். அதற்குள் உங்களுக்கு நான் சொல்லவேண்டிய ஒரு பதில் பாக்கி இருக்கிறது. நீங்கள் முதன்முதலாக எங்கள் வீட்டுக்கு வந்த அன்று, பேச விஷயம் இல்லாமல் எல்லாரும் டீ டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தபோது, மரியாதைக்காக "மாமா, நீங்க என்ன வேலை பாத்தீங்க?" என்று கேட்டுவிட்டீர்கள். இதற்கு முன்னாலும் பலர் கேட்டிருக்கிறார்கள். உலோகத்தைச் சூடாக்கி, அழுத்தி, கம்பியாக எடுக்கிற பிரஸ் என்று நான் ஆரம்பித்ததும் "ஓகோ" என்பார்கள், அடுத்த வார்த்தை வெயிலைப் பற்றித்தான் இருக்கும். நீங்கள் ஒருவர்தான் கடைசிவரை கேட்டீர்கள். கேட்டதோடு நிற்காமல், "இந்த மறைமுக முறை எந்தெந்த உலோகத்துக்கு சரிப்படும் மாமா?" என்றீர்கள். மாப்பிள்ளை, நான் அந்தப் பிரஸ்ஸின் முன்னால் நின்றே தலை நரைத்தவன். கட்டிய மனைவியோ பெற்ற மகளோ ஒருநாளும் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. பதில் சொல்ல வாயைத் திறந்தேன், உள்ளே இருந்து "சாப்பிட வாங்க" என்று குரல் வந்தது, பேச்சு அத்தோடு நின்றுபோயிற்று. அன்று இரவு உங்கள் மாமியாரிடம் பெருமையாகச் சொன்னேன். "அவரு நாள் முழுக்க காது கேக்காதவங்களுக்கு மெஷின் மாட்டி விடுறவரு. உக்காந்து கேக்குறது அவரு தொழிலு. அதுக்காக உங்க பேச்சு நல்லா இருக்குன்னு அர்த்தமில்ல" என்றாள். இருக்கட்டும். தொழிலாகவே கேட்டிருந்தாலும் கேட்டது கேட்டதுதான்.

இப்போது பதில். பில்லெட் என்று ஒரு உருளைக் கட்டி. அதை அடுப்பில் வைத்துச் சூடேற்றி, தடித்த சுவருள்ள ஒரு பீப்பாய்க்குள் தள்ளுவோம். சாதாரண முறையில் பின்னால் இருந்து கட்டியை அழுத்துவோம், அது பீப்பாய்ச் சுவரோடு உரசிக்கொண்டே முன்னே போய், டை என்கிற அச்சின் துளை வழியாகக் கம்பியாக வெளியே வரும். பாதி பலம் அந்த உரசலிலேயே வீணாகும். மறைமுக முறையில் கட்டி இருந்த இடத்திலேயே இருக்கும். குழாய் போல உள்ளே கூடான ஒரு தண்டின் தலையில் அச்சை வைத்து, அச்சுதான் கட்டியை நோக்கிப் போகும். உரசல் இல்லை, சண்டை இல்லை, உலோகம் தானாக அந்தத் துளைக்குள் புகுந்து தண்டின் வயிற்றுக்குள் நீண்டு வரும். இது கெட்டி ரகங்களுக்கு நல்லது. பித்தளைக்கு அருமை. செம்புக்குச் சரிப்படும். விமானத்துக்குப் போகிற கெட்டி அலுமினியக் கலவைகளுக்கு இதைவிட்டால் நல்ல வழி இல்லை. மெக்னீசியத்துக்கும் ஆகும். ஜன்னல் சட்டத்துக்குப் போகிற மெத்தென்ற அலுமினியத்துக்கு இவ்வளவு தேவையில்லை, நேராகத் தள்ளினாலே வெண்ணெய் மாதிரி வந்துவிடும்.

நான் செய்த தப்பு, உங்களையும் மகளையும் ஜன்னல் சட்ட ரகம் என்று நினைத்ததுதான். கல்யாணமாகி மாடிக்குக் குடிவந்த நாளிலிருந்து தள்ளிக்கொண்டே இருந்தேன். வாளியை இங்கே வைக்காதே, கதவை இப்படிச் சாத்து, துணியை அந்தப் பக்கம் காயப்போடு. நீங்கள் சரி மாமா, சரி மாமா என்றீர்கள், வழிக்கு வருகிறார் என்று நினைத்துக்கொண்டேன். கடைசியில் நீங்கள் இருவரும் வேலைக்குப் போயிருந்த நேரத்தில், காற்று வரட்டுமே என்று உங்கள் கட்டிலை எதிர்ச்சுவருக்கு இழுத்துப் போட்டேன். இருட்டில் மகள் வந்து அதில் முழங்காலை இடித்துக்கொண்டாள். "அப்பா, எங்க கட்டில எங்க போடணும்னு நாங்க முடிவு பண்ணக்கூடாதா?" என்று கேட்டாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்திவிட்டு அதை மறந்திருப்பேன். மறுவாரமே உங்கள் காது மெஷின் கடைக்குப் பக்கத்தில் வீடு பார்த்தாயிற்று என்று சொல்லிவிட்டாள்.

அப்போதுதான் எனக்குப் புத்தி வந்தது, வந்த புத்தியும் கோணலாக வந்தது. இவர்கள் பித்தளை ரகம், தள்ளினால் சரிப்படாது, மறைமுக முறைதான் என்று முடிவு கட்டினேன். முதல் காரியமாக அந்தப் புது வீட்டுச் சொந்தக்காரரைப் போய்ப் பார்த்தேன். உங்களைப் பற்றி நாலு குறை சொன்னால் அவரே வேண்டாம் என்றுவிடுவார் என்று கணக்கு. போய் உட்கார்ந்தால் சொல்வதற்கு ஒரு குறை அகப்படவில்லை மாப்பிள்ளை. ரொம்ப யோசித்து, "நல்ல பையன்தான், ஆனா ஒரு குணம். யாரு என்ன பேசினாலும் எழுந்திரிக்காம உக்காந்து கேப்பாரு, வேலை கெட்டுப்போகும்" என்றேன். அந்த மனிதர் மனைவியை இழந்தவர், தனியாள், தன்னுடைய சிறுநீரகக் கல்லைப் பற்றிப் பேச ஆள் கிடைக்காமல் தவித்துக்கொண்டிருப்பவர். முகம் மலர்ந்துவிட்டது. "அப்படியா? நாளைக்கே வரச் சொல்லுங்க. வெள்ளையடிச்சு வைக்கிறேன்" என்றார். அந்தக் கல்லின் கதையை முதலில் கேட்டவன் நான்தான், அடுத்து நீங்கள் கேட்கப்போகிறீர்கள்.

இரண்டாவதாக, மாடியில் வசதி கூடினால் போக மனசு வராது என்று, சொட்டிக்கொண்டிருந்த உங்கள் குளியலறைக் குழாயைச் சரிசெய்ய பிளம்பரை அழைத்து வந்தேன். அவர் சுவரைத் தட்டிப் பார்த்தார், கொஞ்சம் பலமாகத் தட்டிவிட்டார் போலிருக்கிறது, சொட்டிய குழாய் பீறிட்டது. அதற்கப்புறம் நீங்கள் கீழே இருந்து வாளி வாளியாகத் தண்ணீர் தூக்கினீர்கள். வாளியை எப்படிப் பிடிக்கவேண்டும் என்று அப்போதும் நான் சொன்னேன், சொல்லாமல் இருந்திருக்கலாம். குழாய் உடைந்ததால் அடுத்த மாதம் போவதாக இருந்தவர்கள் இந்த வாரமே கிளம்புகிறீர்கள். மூன்றாவதாக என் தங்கையைப் பிடித்தேன். அண்ணன் தனியாகிவிடுவார் பாவம் என்று மகளிடம் போனில் பக்குவமாகச் சொல்லச் சொன்னேன். அவள் சொன்னது, "எங்கண்ணன்கூட நீ இவ்வளவு நாள் இருந்ததே பெரிசுடி. நல்ல நேரத்துல கிளம்பு." ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசினார்களாம், உங்கள் மாமியார் கேட்டுவிட்டு வந்து சொன்னாள்.

இதில் எனக்கு மட்டும் தெரிந்த ஒரு விதியை நானே மறந்ததுதான் பெரிய வெட்கம். சாதாரண முறையில் கட்டியின் மேல்தோல், அதாவது தூசு, துரு, அடுப்பின் கரி எல்லாம், பீப்பாய்ச் சுவரிலேயே ஒட்டி நின்றுவிடும். மறைமுக முறையில் எதுவும் பின்தங்காது. மேல்தோலில் இருக்கிற அத்தனை அழுக்கும் கம்பியின் மேலேயே கோடு கோடாக வந்து நிற்கும். அதனால் அந்த முறைக்குக் கட்டியை முன்கூட்டியே கடைசல் எந்திரத்தில் போட்டுத் தோலைச் சீவிவிட வேண்டும். "தோல சீவிட்டியா? தோல சீவிட்டியா?" என்று நாள் முழுக்க நான் கத்திக் கத்தித்தான் பட்டறையில் எனக்குச் சீவல் என்று பேர். அந்தச் சீவல், தன் மனசின் மேலிருந்த வறட்டு கௌரவத்தைச் சீவாமலே வேலையை ஆரம்பித்துவிட்டான். வீட்டுக்காரர் மகளுக்குப் போன் செய்து "உங்கப்பா தங்கமான மனுஷன், அடிக்கடி வரச் சொல்லும்மா" என்றார். பிளம்பர் யார் கூப்பிட்டது என்று சொன்னார். தங்கையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். எல்லாம் மேலே வந்துவிட்டது.

மகள் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. நீங்களும் கேட்கவில்லை. நேற்று மாடிப்படியில் எதிரே வந்தபோது "சாப்டீங்களா மாமா?" என்று மட்டும் கேட்டீர்கள். அதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஆகவே இனிமேல் எதிலும் தலையிட மாட்டேன். நேராகவும் தள்ளமாட்டேன், மறைமுகமாகவும் வரமாட்டேன். லாரியை நானே பேசி அமர்த்தியிருக்கிறேன், நல்ல ஆள், சாமான் மேல் கீறல் விழாமல் ஏற்றுவார். கட்டிலின் ஒரு பக்கத்தை நானே பிடிக்கிறேன், எந்தக் கதவு வழியாக எப்படிச் சாய்த்து இறக்குவது என்று ஒரு வார்த்தை பேசமாட்டேன். புது வீட்டில் இருவரும் சந்தோஷமாக இருங்கள். அந்தக் கல் மனிதர் பேச்சை ரொம்பக் கேட்காதீர்கள், காது கெட்டுவிடும். மகளுக்கு என் ஆசியைச் சொல்லுங்கள். முழங்கால் எப்படி இருக்கிறது என்று நான் கேட்டதாக மட்டும் சொல்ல வேண்டாம். எங்களை நினைத்துக் கவலைப்படாமல் போய் வாருங்கள்.

என்றும் உங்கள் நலம் நாடும்,
கீழ் வீட்டு மாமனார்

பின்குறிப்பு: இதை உங்கள் கதவிடுக்கில் போடப் படியேறி வந்தேன். பாதிப் படியில் உட்கார்ந்து லாரிக்காரருக்குப் போன் செய்து, நாளைக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். "ஏன் சார்?" என்றார். "மாப்பிள்ளை போறது எனக்குப் பிடிக்கல" என்றேன். "இத அவருகிட்டல்ல சொல்லணும்" என்றார். நீங்கள் போன் செய்து வேண்டாம் என்று சொன்னால்தான் வராமல் இருப்பாராம், இல்லாவிட்டால் காலையில் வந்து நிற்பாராம். மேலே எழுதியதில் உலோகங்களைப் பற்றிய பத்தியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் அடித்துவிடுங்கள். போகாதீங்க மாப்பிள்ளை. கட்டில் எங்க வேணா கிடக்கட்டும்.