பதினாலாயிரம் கிலோமீற்றரும் ஒரு மல்லிகை மாலையும்

கணக்கு வாத்தியாரிடம் எதையும் கேட்கலாம், விமானம் எப்போது வரும் என்று மட்டும் கேட்கக்கூடாது. நான் பண்டத்தரிப்பில் கணக்குப் படிப்பிக்கிறவன். அனுபவத்தில் சொல்கிறேன்.

கல்யாணமாகி ஆறாம் மாதம், தன் தமக்கையின் பிள்ளைப்பேறு பார்க்க என் மனைவி கௌசி ரொறன்ரோவுக்குப் போனாள். வகுப்பை முடித்துக்கொண்டு வழியனுப்ப வருகிறேன் என்று சொன்ன நான், கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது அவள் உள்ளே போய்விட்டாள். அங்கிருந்து பேசும்போதெல்லாம் ஒரே கதைதான்.

"திரும்பி வரேக்கையாவது உங்கடை முகம்தான் எனக்கு முதல் தெரியவேணும்."

சத்தியம் பண்ணினேன். அவள் அங்கே விமானம் ஏறும் நேரம் தெரிந்ததும் கணக்கைத் தொடங்கினேன். பதினாலாயிரம் கிலோமீற்றரை விமானத்தின் வேகத்தால் வகுத்து, இடையில் மாறி ஏறும் நேரத்தையும் சேர்த்தேன். இருபது மணித்தியாலம். இதுவரை சரி. இரண்டு நாட்டு நேர வித்தியாசத்தைக் கூட்டவேண்டிய இடத்தில் கழித்துவிட்டேன். (விடையைச் சரிபார்க்காத பிள்ளைகளை வாங்கின்மேல் ஏறி நிற்கவைக்கிறவன் நான்.)

"எதுக்கும் கௌசிப் பிள்ளையை ஒருக்கால் கேளன் தம்பி," என்றார் வான் ஓட்டிவந்த சின்ன மாமா.

"மாமா, நான் கணக்கு வாத்தி."

அவர் கியரை மாற்றினார்.

சனிக்கிழமை காலை மல்லிகை மாலையும், அம்மா கௌசிக்குக் கட்டித்தந்த புட்டுப் பார்சலுமாக விமான நிலைய வாசலில் நின்றேன். கைபேசி அடித்தது.

"இஞ்சருங்கோ, இப்பதான் பிளேன் ஏறப்போறன். எங்கை நிக்கிறியள்?"

"வீட்டிலை."

"பின்னாலை என்ன இரைச்சல்?"

தலைக்கு மேலே ஒரு விமானம் போய்க்கொண்டிருந்தது. "தோட்டத்திலை தண்ணி இறைக்கிற மிசின்," என்றேன்.

அவ்வளவு தூரம் சுன்னாகத்து வீட்டுக்குத் திரும்பிப் போய்வர மாமா மறுத்துவிட்டார். வாசலை விட்டு நகர நானும் மறுத்துவிட்டேன். மத்தியானம், பழுதாகிவிடும் என்று புட்டை மாமா சாப்பிட்டார். (நானும்தான்.) இரவு முழுக்கக் கண்ணாடிக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிந்தமாட்டேன், இந்தமுறை பிந்தவேமாட்டேன்.

கண் விழித்தபோது விடிந்திருந்தது. பக்கத்து நாற்காலியில் கௌசி, காலடியில் பெட்டிகள். என்னை எழுப்பாமல் இருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குத்தான் அவள் முகம் முதலில் தெரிந்தது.

"எப்ப வந்தனீங்கள்?" என்று அவள்தான் கேட்டாள்.

"இப்பதான்."

என் மடியில் கிடந்த மாலையை எடுத்துப் பார்த்தாள். பூவெல்லாம் கருகிக் கயிறு தெரிந்தது. "இதுவும் இப்பதான் கட்டினதோ?" என்று கேட்டுவிட்டு, தானே எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது. அந்த நேரம் பார்த்து மாமா வந்து, புட்டு நல்ல ருசி என்றார்.

இப்போது எங்கள் மகள் கணக்குக் கொப்பியோடு வந்து, "அப்பா, இது கூட்டுறதோ, கழிக்கிறதோ?" என்று கேட்பாள். பதிலுக்கு நிற்காமல் குசினிக்குள் சமைக்கும் தாயிடம் போய்விடுவாள்.

வகுப்புகள் முடிந்து நான் பிந்தி வரும் நாட்களில், "கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தனீரோ?" என்று கௌசியைக் கேட்பேன்.

"இப்பதான்," என்பாள். மேசையில் இரண்டு சாப்பாட்டுக் கோப்பையிலும் புட்டு ஆறிப்போய்க் கிடக்கும்.