மேகத்தில் கறை எடுத்தேன்

பெருமதிப்புக்குரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் எழுதிக்கொள்வது. இங்கே உங்கள் தங்கையும் என் மகளும் சௌக்கியம். என் வெள்ளை பேண்ட் மட்டும் தேறவில்லை. அங்கே எல்லோருடைய உடம்பும் உடுப்பும் நன்றாக இருக்கும் என்று நம்புகிறேன்.

பேண்ட் விஷயம் வேறு யார் வாயிலாவது உங்களுக்கு வருவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். முந்தாநாள் மகள் வர்ணம் குழைக்கிற பலகையை நாற்காலியில் வைத்திருந்தாள், நான் அதன்மேல் உட்கார்ந்துவிட்டேன். எண்ணெய் வர்ணம் லேசில் காயாதாம். அது தெரியாமல் கடையைத் திறந்து காலை முழுக்க நடமாடியிருக்கிறேன். கோட்டு சலவைக்குப் போட வந்த வாத்தியார்தான், "அண்ணே, உங்க பின்பக்கம் ஒரே மேகமூட்டமா இருக்கே" என்றார். என் தலைக்கு மேலே 'எந்தக் கறையும் போகும்' என்று போர்டு தொங்குகிறது, மச்சான்.

நீங்கள் போனில் சொன்னதை மறக்கவில்லை. "வானத்தை வரைஞ்சு என்ன மாப்ள ஆகப்போகுது, என் ஆபீஸ்ல இடம் வச்சிருக்கேன், நீங்க சொன்னா கேப்பா" என்றீர்கள். நான் சொல்லி எங்கள் வீட்டு மின்விசிறிகூடக் கேட்டதில்லை. ஆனாலும் உங்கள் பேச்சைத் தட்டக்கூடாது என்று இன்று காலை மாடி அறைக்குப் போனேன். அவள் சட்டத்துக்குக் கொக்கி வாங்கப் போயிருந்தாள். ஸ்டாண்டில் படம் மட்டும் தனியாக நின்றது. நாளைக்குக் கண்காட்சிக்குப் போகவேண்டிய படம், அவளுடையதில் முதன்முதலாகத் தேர்வானது. நிலம் என்று பார்த்தால் கீழே சுண்டுவிரல் அகலம், மிச்சமெல்லாம் வானம். நடுவில் மலைபோல ஒரு வெள்ளை மேகம், அதன் அடிவயிற்றில், காலரில் படிகிற அழுக்கு மாதிரியே ஒரு திட்டு. நாலு பேர் பார்க்கப்போகிற இடத்துக்கு இப்படியா அனுப்புவது? என் கை சும்மா இருக்குமா? கீழே ஓடி டர்பென்டைனும் வெள்ளைத் துணியும் எடுத்துவந்து, தொழில்முறைப்படி ஓரத்திலிருந்து உள்பக்கமாகத் தேய்த்தேன். பளிச்சென்று போய்விட்டது. கூடவே பாதி மேகமும் போய்விட்டது.

வாசலில் மகள் நின்றாள்.

"அப்பா, என்ன பண்றீங்க?"

"கறைம்மா. எடுத்துட்டேன்."

"அது கறை இல்லப்பா. மழை."

அழுவாள், கத்துவாள் என்று பார்த்தேன். தலைமுடியை இழுத்துக் கட்டிக்கொண்டாள். "அந்த ஸ்டூல்ல உக்காருங்க. கையைத் தொடைக்கு அடியில வச்சுக்கோங்க" என்றாள். வைத்துக்கொண்டேன். தட்டைக் கத்தியால் மிச்ச மேகத்தையும் வழித்துப் போட்டாள் மச்சான்! பிறகு நீலத்தையும் செம்பழுப்பையும் சேர்த்துக் குழைத்தாள், ரெண்டும் சேர்ந்து சாம்பலாகிப்போனது. "கறுப்புன்னு ஒரு டப்பா இருக்குமே?" என்று கேட்டேன். "கறுப்பு போட்டா மேகம் செத்துடும்ப்பா" என்றாள். வெள்ளைக்கும் அப்படித்தான், அதில் துளி மஞ்சள், துளி ரோஸ். வெள்ளை என்றால் வெள்ளைதானே என்று என் தொழில் ஞானத்தைக் காட்டினேன். "நீங்க வெள்ளைச் சட்டைக்கு நீலம் போடறதில்லையா?" என்றாள். வெயில் படுகிற ஓரத்தில் வர்ணத்தைக் கெட்டியாக அப்பி அப்படியே விட்டாள். நிழல் பக்கத்து ஓரத்தைக் காய்ந்த பிரஷ்ஷால் தொட்டும் தொடாமலும் தடவினாள். அது வானத்தோடு கரைந்து, எங்கே முடிகிறதென்றே தெரியவில்லை. அரக்கப்பரக்கத் தீட்டிவிட்டு, தூரப் போய்க் கண்ணைச் சுருக்கிப் பார்ப்பாள், திரும்ப ஓடிவருவாள். முதல் மேகம் அழகாக இருந்தது. இது நகர்ந்தது. என் பிள்ளையா இது என்று பார்த்துக்கொண்டே இருந்தேன், கடைக்கு வந்தவர்கள் கீழே கூப்பிட்டுவிட்டுப் போய்விட்டார்கள்.

கீழே வந்து யோசித்தேன். இவ்வளவு வித்தையும் ஒரு துணித்துண்டு பட்டால் போய்விடுகிறதே, இதை நம்பி எப்படிப் பிழைப்பாள்? நீங்கள் சொன்னதுதான் சரி. அந்த இடத்தை வேறு யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். படத்தை ஈரத்தோடே கொடுத்துவிட்டு வந்ததும் கட்டாயம் பேசிவிடுகிறேன். அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசிகள். உங்கள் வீட்டில் எல்லோரும் வெளுப்பும் மினுப்புமாக நீடூழி வாழ வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் சொல் தட்டாத மாப்பிள்ளை

பி.கு.: கவரை ஒட்டப்போகும்போது, "அப்பா, முடிஞ்சது, வந்து பாருங்க" என்று கூப்பிட்டாள். போனேன். மேகத்துக்கு அடியில் மழை திரும்ப வந்திருந்தது, முன்னைவிடக் கனமாக. "எப்படிப்பா இருக்கு?" என்றாள். "ம்" என்றேன். அடுத்து எனக்கு நினைவு வந்தபோது மொட்டை மாடியில் நின்று, பாதி காயாத பெட்ஷீட்டுகளைக் கொடியிலிருந்து வாரிக்கொண்டிருந்தேன். வெயில் மண்டையைப் பிளந்தது. உங்கள் தங்கை கீழேயிருந்து, "ஏங்க, புத்தி கெட்டுப்போச்சா? காயாத துணியை ஏன் எடுக்கறீங்க?" என்று கத்தினாள். "சும்மாதான்" என்றேன். மச்சான், அந்த இடத்தை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள். உங்கள் தங்கையிடம் நான் வாய்விட்டுச் சொல்லாதது இதுதான்: மழை வந்துடும்னு பயந்துட்டேன்டி.