அம்மா மறுபடி கத்துகிறாள்

கிம்லி, மானிடோபா

அன்புள்ள தோரா அக்காவுக்கு,

தம்பி பால்டுர் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே ஏரி இன்னும் உறைந்தே கிடக்கிறது, நான் நலம். வான்கூவர் மழையில் நீயும் அத்தானும் நனையாமல் இருக்க வேண்டுகிறேன்.

அம்மாவை உங்கள் ஊர் முதியோர் இல்லத்தில் சேர்க்க வரப்போவதாக எழுதியிருந்தாய். வராதே. அப்பா போனதிலிருந்து அவள் எதைக் கேட்டாலும் "ம்" என்பதோடு நிறுத்திக்கொண்டது உண்மைதான். நானும் சும்மா இருக்கவில்லை. தேவாலயப் பாட்டுக் குழுவில் சேர்த்தேன், வாயைத் திறக்காமல் நின்றுவிட்டு வந்தாள். பூனை வாங்கிக் கொடுத்தேன், அதுவும் பேச்சைக் குறைத்துக்கொண்டது. கடைசியில், கொடிமுந்திரி அடுக்குக் கேக் விற்பார்கள் என்று ஆசை காட்டி, கர்லிங் ஆட்டம் பார்க்க இழுத்துப் போனேன். பனித்தரையில் வழுக்கி வரும் கல் தூரம் போக, அதன் முன்னால் துடைப்பத்தோடு ஓடித் தேய்க்க வேண்டிய நம் மருந்துக்கடை ஓலி, ஏதோ கல்யாணத்துக்குப் போவது போல நடக்கிறார். என் காதருகே இடி விழுந்தது.

"டேய் ஓலி! என்னடா தடவிக் குடுக்கிற? அழுத்திப் பெருக்குடா!"

அம்மாதான்! என் காப்பி மடியில் கொட்டியது. ஓலி பயந்து பெருக்கிய வேகத்தில் கல் இலக்கு வட்டத்தின் நடுவே போய் உட்கார்ந்தது. அவர் மட்டும் நிற்க முடியாமல் பலகையில் மோதினார். எழுந்து நேரே அம்மாவிடம் வந்தார்.

"சிக்ரூன் அக்கா, எங்க அணிக்குத் தலைமை தாங்க ஆளில்ல. வர்றீங்களா?"

"முட்டி வலிடா."

"ஓட வேண்டாம். கல்லைக் கோலால தள்ளிக்கலாம். மத்த நேரம் நின்ன இடத்துலேர்ந்து திட்டுனா போதும்."

"அது எனக்கு வரும்" என்றாள். சிரித்தாள், அக்கா!

அதற்குப் பிறகு வீட்டில் சாப்பாட்டு மேசையே ஆடுகளம். ஜாம் பாட்டில்கள்தான் கற்கள், ஒன்றை நகர்த்தினால் என் கையில் அடி விழுகிறது. நேற்று மாவட்ட இறுதி ஆட்டம், இரு தரப்பும் சமம், கடைசிக் கல் அம்மாவுடையது. தள்ளிவிட்டு "பெருக்கு! பெருக்கு!" என்று அவள் போட்ட சத்தத்தில், எதிரணிக்காரர் ஒருவர் தன்னையறியாமல் வெறும் தரையைப் பெருக்க ஆரம்பித்தார். கோப்பை நமக்குத்தான்! காரில் அதை மடியில் வைத்துக்கொண்டு அம்மா சொன்னாள்: "உங்கப்பா இருந்திருந்தா, கைதட்டுறதா காதைப் பொத்திக்கிறதான்னு திண்டாடியிருப்பாருடா."

ஆகவே அம்மா என்னோடுதான் இருப்பாள், நான் பார்த்துக்கொள்கிறேன். அத்தானுக்கு என் அன்பு. உங்கள் வீட்டில் எந்நாளும் வெயிலடிக்கட்டும்.

பாசமுள்ள தம்பி,
பால்டுர்

பி.கு.: அம்மா இதைப் படித்துவிட்டு, "யாரு யாரைப் பாத்துக்கிட்டான்னு சரியா எழுது" என்கிறாள். கர்லிங் அரங்கத்துக்கு எதிரே ஒரு மாடி வீட்டில் அணித்தோழியோடு அடுத்த வாரமே குடியேறுகிறாளாம். "உனக்கு அம்பது வயசாச்சு, இனி நீயே சமைச்சுக்கோ" என்கிறாள். அக்கா, உடனே புறப்பட்டு வா.