முந்நூறு மீட்டர் துரை

உலகிலேயே பன்றியை எதிர்த்துப் பௌதிகவியலைக் களமிறக்கிய முதல் தோட்டம் என்ற பெருமை, இலங்கையில் திம்புள்ளப் பக்கத்து மேமலைத் தேயிலைத் தோட்டத்துக்கே உரியது.

காட்டுப்பன்றி ஒன்று தேயிலைக்குள்ளிருந்து பாய்ந்து, கொழுந்து பறிக்கும் லெட்சுமியின் கணவன் அழகுமுத்துவின் தொடையைக் கிழித்தது. அவனை லொறியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பிய கையோடு நிர்வாகம் அவசரக் கூட்டம் நடத்தியது. தொலைநோக்கி பூட்டிய ரைபிள் வந்தது. உதவி மேலாளரான சின்னத்துரை கஜேந்திரன் 'பன்றி நிபுணர்' ஆனார்.

மறுநாள் காலை, தொழிலாளர் திரளும் பெரட்டில், வேலை பிரிக்கும் முன் விரிவுரை நடந்தது.

"தோட்டா நேராப் போறதில்ல. போகப்போக கீழ இறங்கும். அதனால குழல கொஞ்சம் தூக்கி வைக்கணும். நான் முந்நூறு மீட்டருக்கு வச்சிருக்கேன்."

"பன்னி கிட்ட வந்துட்டா என்னங்க தொரை பண்றது?" என்றாள் லெட்சுமி.

"விஞ்ஞானத்துல கிட்டன்னு ஒண்ணு கிடையாது!"

முந்நூறுக்குக் காரணம் உண்டு. தோட்ட மேலாளரான பெரியதுரையின் பங்களாவிலிருந்து அந்தத் தூரத்தில் ஒரு டின்னைச் சுட்டு கஜேந்திரன் கைதட்டல் வாங்கியிருந்தார். அதன்பின் குறியை மாற்ற மனம் வரவில்லை.

பன்றிக்கு இதெல்லாம் தெரியாது. அது பாதித் தூரத்தில், தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னால், கூரை மட்டத்துச் சரிவிலிருந்த லெட்சுமியின் உருளைக்கிழங்குப் பாத்தியில் வந்து நின்றது. எதிர்மேட்டிலிருந்து கஜேந்திரன் அதன் தலைக்குக் குறிவைத்துச் சுட்டார். பாதி வழியில் தோட்டா இன்னும் உயரத்தில்தானே இருக்கும்? ஒரு சாண் மேலே பறந்து லயத்துக் கூரைத் தகரத்தைத் துளைத்தது. அடுப்பூதக் குனிந்திருந்ததால் லெட்சுமிக்குத் தலை தப்பியது. தோட்டா தைத்த சுவரிலிருந்து மண் உதிர்ந்து சோற்றில் விழுந்தது. பன்றி மிச்சக் கிழங்கையும் தின்றுவிட்டே போனது.

விசாரணைக்குப் பெரியதுரை பிரதாப் நேரில் எழுந்தருளினார். அண்ணாந்து பார்த்தார். கூரையெங்கும் வெளிச்சப் புள்ளிகள்.

"இதுல நம்ம ஓட்டை எது?"

கஜேந்திரன் விரல் நீட்டி ஓட்டைகளை எண்ணத் தொடங்கினார்.

"அந்தா, அதுங்க. விளிம்பு பளபளன்னு இருக்கு பாருங்க. மத்ததெல்லாம் துருப்புடிச்சு எத்தனையோ வருசமா ஒழுகுதுங்க," என்றாள் லெட்சுமி.

பிரதாப் நீதிபதியைப் போல் தொண்டையைச் செருமினார்.

"கம்பனி சுட்ட ஓட்டைய கம்பனியே அடைச்சுக் குடுக்கும். மத்தது கம்பனி சுட்டதில்ல. அதுக்குப் பொறுப்பேற்க முடியாது."

இரவு மழையில் நனைந்த பாயைச் சுருட்டிக்கொண்டே லெட்சுமி, கஜேந்திரன் பக்கம் திரும்பினாள்.

"அப்ப மத்ததையும் சுட்டுட்டுப் போயிருங்க, தொரை."