மெத்தைக்குப் பதினொரு ஜன்னல்

தூத்துக்குடியில் டேப் அண்ணாச்சி அளக்காத பழைய கட்டடம் ஒன்று உண்டென்றால், அது அவர் பிறப்பதற்கு முன்பே இடிந்து விழுந்ததாக இருக்கும். அப்படியும் அஸ்திவாரம் வெளியே தெரிந்தால் விடமாட்டார். அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று சம்பளப் பட்டியலில் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவரும் சேர்ந்து திரும்பிப் பார்ப்பார்.

துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் நானும் அவரும் அடுத்தடுத்த மேஜை. கப்பலேறும் பெட்டிகளின் நீள, அகல, உயரத்தை அளந்து எழுதுவது அவர் வேலை. கடிதப் போக்குவரத்து என்னுடையது. ஐந்து மணி ஆனதும் பெட்டிகளை விட்டுவிட்டு, முத்து வியாபாரக் காலத்து வீடுகளையும் பண்டகசாலைகளையும் அளக்கப் போய்விடுவார். ஒரு கல்யாண வீட்டில் பெண்ணும் மாப்பிள்ளையும் ஆரத்தி முடிந்து வாசலில் நிற்க, நிலைக்குக் குறுக்கே டேப்பைப் பிடித்துக்கொண்டு, "ஒரு நிமிசம் நில்லுங்க தாயி, அரை அங்குலம் இடிக்கி" என்றார்.

துக்க வீட்டிலும் அப்படித்தான். மாலையைப் போட்டுக் கும்பிட்டுவிட்டு, கூடத்துத் தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார். மனுஷன் தாங்கமாட்டாமல் நிற்கிறார் என்று வீட்டுக்காரர்கள் தண்ணீர் கொண்டுவந்தார்கள். அவர் சுற்றளவு எடுத்துக்கொண்டிருந்தார்.

அவர் உயிரைக் கொடுத்து அளந்தது ஜெசிந்தா டீச்சர் வீட்டை. கடலோரத் தெருவில், கடல்பாறைக் கல்லும் சுண்ணாம்பும் சேர்த்துக் கட்டிய மாடி வீடு. டீச்சர் ரிட்டயராகி, மகனோடு இருக்க ஆஸ்திரேலியா போகவேண்டி வந்தது. வீட்டை வாங்கியவர் இடிக்கப்போவதாகச் சொல்லிவிட்டார்.

"பொறந்த வீடு அண்ணாச்சி. பேரப்பிள்ளைங்க கேட்டா காட்டுததுக்கு ஒண்ணுமில்ல. நீங்க வரைஞ்சதுல ஒரு நகல் தாங்களேன்" என்று கேட்டார் டீச்சர்.

நகல் கொடுப்பது அண்ணாச்சிக்குக் கௌரவக் குறைச்சல். "அச்சுல வராத அளவு அளவே இல்ல டீச்சர். பெரிய பத்திரிகையில போடுதேன். நீங்க எங்கன இருந்தாலும் தொறந்து பாக்கலாம்."

டீச்சர் அதை நம்பி விமானம் ஏறினார்.

கட்டடக்கலை வரலாற்றுக்கென்றே வெளிநாட்டில் ஓர் ஆய்விதழைப் பிடித்தோம். அண்ணாச்சி தமிழில் சொல்லச் சொல்ல நான் ஆங்கிலத்தில் எழுதினேன். இதழின் சார்பில் இரண்டு அறிஞர்கள் படித்துவிட்டுக் கேள்விகள் அனுப்பினார்கள். முதலாமவர், "இந்த வீட்டின் பஞ்சு மெத்தைக்குப் பதினொரு ஜன்னல்கள் இருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். விளக்க முடியுமா?" என்று கேட்டிருந்தார். இரண்டாமவர் இன்னும் மரியாதையானவர். மெத்தைக்குள் அடைத்தது இலவம் பஞ்சா, தேங்காய் நாரா, அதன்மேல் தேக்குத் தூண்களை எப்படி நிறுத்தினார்கள் என்று வியந்திருந்தார்.

"மெத்தைன்னு நீங்கதானுங்களே சொன்னீங்க?" என்றேன். நான் கோயம்புத்தூர்க்காரன்.

"ஏலே கோயம்புத்தூரு! மெத்தைன்னா மாடிலே! ஒங்க ஊர்ல மாடிக்கு என்னலே சொல்லுவாவ?"

"மாடின்னுதானுங்க."

தலையில் அடித்துக்கொண்டார். ஒரு வாரம் என்னோடு பேச்சு வார்த்தை இல்லை. பேச ஆரம்பித்த பிறகும், நான் கொட்டாவி விட்டால் போதும், "மெத்தைக்குப் போயி படுலே" என்பார்.

எல்லாம் திருத்தி அனுப்பி, கட்டுரை வருவதற்குள் வீடு தரைமட்டமாகிவிட்டது. அண்ணாச்சி அன்றைக்கு லீவு போட்டுவிட்டுப் போய்ப் பார்த்தார். திரும்பி வந்து இரண்டு நாள் எதையும் அளக்கவில்லை. இனி டீச்சர் வீடு இருக்கிற ஒரே இடம் அந்தக் கட்டுரைதான்.

கட்டுரை வெளியான அன்று ஆபீஸ் கம்ப்யூட்டரில் திறந்தோம். தலைப்பு தெரிந்தது. அண்ணாச்சியின் நிஜப் பெயர் தெரிந்தது. அதற்குக் கீழே ஒரு பூட்டுப் படம். சந்தா கட்டிய பல்கலைக்கழகத்தார் உள்ளே போகலாம், மற்றவர்கள் கட்டணம் செலுத்தினால் ஒரு நாள் பார்க்கலாம் என்று போட்டிருந்தது. உரிமையை எழுதிக்கொடுக்கும் படிவத்தில் அண்ணாச்சி கையெழுத்துப் போட்டிருந்தார். எங்கே போடவேண்டும் என்று விரலால் தொட்டுக் காட்டியவன் நான்.

"அளந்தது நானு. ஏணியில இருந்து விழுந்தது நானு. என்னையே வாசல்ல நிறுத்துதான் பாரு" என்றார். பிறகு, "சாவிங்கிற சொல்லே போர்ச்சுக்கீசியன் நம்ம கரைக்குக் கப்பல்ல கொண்டாந்ததுதாம்லே. இப்ப சாவியத் திருப்பிக் கொண்டுபோயிட்டானுவ" என்றார்.

மறுநாளே டீச்சர் ஃபோன் பண்ணினார். "அண்ணாச்சி, பூட்டிருக்குன்னு காட்டுதே. காசு கட்டுனாலும் ஒரு நாளைக்குத்தானாம். கண்ணு வேற மங்கிக்கிட்டே வருது. தெரியும்போதே பாத்துரணும்னு இருக்கு."

படங்களை யாருக்கும் தெரியாமல் டீச்சருக்கு அனுப்பிவிடலாமே என்றேன். "கையெழுத்துப் போட்டுட்டேம்லே. முப்பது வருசம் துறைமுகத்துல இருந்துட்டு, கள்ளச்சரக்கு ஏத்தச் சொல்லுதியா?" என்று ஒரே போடாகப் போட்டார்.

இதழுக்கு வாரம் ஒரு கடிதம் போனது. "சரக்கு எங்களுடையது, கப்பல் உங்களுடையது. கப்பல்காரர் சரக்கைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும், அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளக் கூடாது" என்று அவர் சொல்ல, இந்த முறை ஒவ்வொரு சொல்லுக்கும் அர்த்தம் கேட்டுக் கேட்டு மொழிபெயர்த்தேன். எழுதியவரே ஒரு தொகை கட்டினால் கட்டுரையை எல்லாருக்கும் திறந்துவிடுவோம் என்று பதில் வந்தது. தொகையைப் பார்த்த அண்ணாச்சி, "நான் வீட்டை வெலைக்குக் கேக்கலியே" என்றார்.

கடைசியில் ஒரு புண்ணியவதி, இதழின் துணையாசிரியர், விவரம் சொன்னார். நாங்கள் திருத்தி அனுப்பி இதழ் ஏற்றுக்கொண்ட பிரதியை, ஒன்றரை வருடக் காத்திருப்புக் காலம் முடிந்ததும், ஏதாவதொரு கல்லூரியின் திறந்த இணையக் காப்பகத்தில் போட்டுக்கொள்ளலாம். உலகத்தில் யாரும் இலவசமாகப் படிக்கலாம். இது அந்தப் படிவத்திலேயே எழுதியிருந்ததாம். படிவத்தை யார் படித்தார்கள்?

அந்த ஒன்றரை வருடத்தில் அண்ணாச்சி ரிட்டயரானார், இளைத்துப்போனார். தினமும் போன் செய்து, "இன்னைக்கு என்ன தேதிலே?" என்பார். கெடு முடிந்த அன்று காலையிலேயே பஸ் பிடித்து, சாயர்புரம் பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு கல்லூரி நூலகரிடம் போய் உட்கார்ந்துவிட்டோம்.

"யாரெல்லாம் பாக்கலாம்னு போடட்டும் சார்?" என்று கேட்டார் நூலகர்.

"எல்லாரும்."

"மத்தவங்க எடுத்து வேற இடத்துல போட்டுக்கிடலாமா?"

"தாராளமா. டீச்சர் வீட்டுப் பேர மட்டும் மாத்திரப்பிடாது."

அங்கேயே வீடியோ காலில் டீச்சரைப் பிடித்தோம். அவர் அங்கே கட்டுரையைத் திறந்து, கம்ப்யூட்டருக்கு மூக்கு இடிக்கும் அளவுக்குக் கிட்டே போய்ப் பார்த்துக்கொண்டிருந்தார். "இந்தா, இங்கனதான் எங்கம்மா ரூம். வாசல் இம்புட்டு உயரந்தானா அண்ணாச்சி?"

"அஞ்சே முக்கால் அடி டீச்சர்."

"அதான். எங்கப்பா குனிஞ்சுதான் வருவாவ."

சொல்லிவிட்டு டீச்சர் அந்த இடத்தைத் திரையில் தடவிக்கொண்டே இருந்தார். வாய் ஓயாத எங்கள் அண்ணாச்சி, டேப்பை இழுப்பதும் விடுவதுமாக உட்கார்ந்திருந்தார். அதற்குப் பிறகு அவர் எந்த வீட்டையும் அளந்ததாக எனக்குத் தெரியவில்லை.

போன வருடம் மாரடைப்பில் போய்விட்டார். அவரோடு சேர்ந்து ஒரு போட்டோ எடுத்துக்கொள்ள எனக்குத் தோன்றவே இல்லை. ஆனால் கட்டுரையின் நான்காவது படத்தில் வீட்டு வாசல் உயரம் தெரிவதற்காக ஓர் ஆள் கையில் டேப்போடு விறைப்பாக, சட்டைப் பித்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு நிற்கிறார். கீழே 'அளவுக்காக ஒரு மனிதர்' என்று நான்தான் எழுதினேன். அவரைப் பார்க்கவேண்டும்போல் அடிக்கடி இருக்கிறது. யார் வேண்டுமானாலும் திறக்கலாம் என்பதால், நானும் திறந்து பார்த்துக்கொள்கிறேன்.