வீட்டுச் செருப்போடு வெளிநாட்டு வங்கிக்கு

கடல் கடந்த நாட்டில் இருக்கும் ஒரு வங்கிக்கு, விமானம் ஏறாமல், கப்பல் ஏறாமல், வீட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தே போய், போன காரியத்தையும் முடித்துக்கொண்டு, ஊற்றி வைத்த டீ ஆறுவதற்குள் திரும்பி வந்தவர் மனித குல வரலாற்றில் ஒரே ஒருவர்தான். அவர் எங்கள் தெரு லிஃப்ட்காரர்.

சரித்திர ஆசிரியர்கள் இதை இன்னும் குறித்துக்கொள்ளவில்லை. டீக்கடையில் குறித்துக்கொண்டார்கள், ஆனால் ‘புளுகு’ என்ற தலைப்பின் கீழ்.

“அன்னிக்குக் கடலுக்கு லீவா?” என்று கேட்டார் டீ மாஸ்டர்.

“கடலைப் பத்தி என்னை ஏன்யா கேக்கறே? நான் போன வழியில அது வரலை” என்றார் லிஃப்ட்காரர்.

கடை மொத்தமும் சர்வேயர் பக்கம் திரும்பியது. சர்வேயர், லிஃப்ட்காரர் மனைவியின் அண்ணன். முப்பத்து நான்கு வருஷம் அடுத்தவன் நிலத்தை அளந்தே ஓய்வு பெற்றவர். சூரியன் கிழக்கே உதிப்பதைக்கூடத் திசைகாட்டியை எடுத்துப் பார்த்த பிறகுதான் ஒத்துக்கொள்வார்.

“நீங்க கூடத்தானே இருந்தீங்க? நடந்ததா, இல்லையா?”

“அளக்காத தூரத்துக்கு நான் கையெழுத்துப் போடமாட்டேன்” என்று டம்ளரைக் கவிழ்த்தார் சர்வேயர்.

ஆகவே, நடந்ததை ஆதியிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது.

லிஃப்ட்காரர் அந்த நாட்டில் இருபத்தேழு வருஷம் லிஃப்ட் மெக்கானிக். நாட்டு மக்களை மேலே ஏற்றியும் கீழே இறக்கியும், தான் மட்டும் அதே மாடியில் நின்றவர். முழங்கால் தேய்ந்ததும் ஊருக்குத் திரும்பினார். திரும்பும்போது விமான நிலையக் கவுண்டரில் தன் நீண்டகாலக் குடியிருப்பு அட்டையை எடுத்து நீட்டினார். அதிகாரியே பதறிப்போனார்.

“இதை யாரும் உங்ககிட்ட கேக்கலையே?”

“நான் இனிமே இங்க இருக்கப் போறதில்லையே. அட்டை மட்டும் குடியிருந்து என்ன பண்ணும்?”

அதிகாரி தன் வாழ்நாளில் முதல் தடவையாக அப்படி ஒரு ரசீது எழுதினார். லிஃப்ட்காரர் அதைப் பிளாஸ்டிக் உறை போட்டு வைத்துக்கொண்டார்.

அத்தோடு நின்றிருந்தால் இந்தக் கதை இல்லை. அதே நாட்டிலிருந்து திரும்பிய குழாய்க்காரர் ஒருவர் அடுத்த தெருவில் இருக்கிறார். வந்து ஒன்பது வருஷம். வங்கிக் கணக்குப்படி அவர் இன்னமும் அங்கே ஒரு சித்தப்பா மகன் வீட்டுப் பின்னறையில் திடகாத்திரமாக வாழ்ந்துகொண்டிருக்கிறார்.

“நாம எங்க படுத்துத் தூங்கறோம்னு பேங்குக்கு எதுக்குய்யா சொல்லணும்? அது என்ன பொண்டாட்டியா?” என்றார் குழாய்க்காரர்.

லிஃப்ட்காரருக்கு அந்தத் தத்துவம் ஏறவில்லை. “லிஃப்ட் எந்த மாடியில நிக்குதோ, அந்த நம்பரைத்தான் வெளியில காட்டணும். தப்பாக் காட்டினா, கதவைத் திறக்கறவன் குழியில விழுவான்” என்றார். அன்றைக்கே வங்கிக்கு ஒரு கடிதம் எழுதினார். ‘ஐயா, நான் தங்கள் நாட்டை விட்டு வந்துவிட்டேன். அட்டையையும் திருப்பிக் கொடுத்துவிட்டேன். தங்கள் குறிப்பேட்டில் திருத்திக்கொள்ளவும். இத்தனை வருஷம் வைத்திருந்ததற்கு நன்றி.’

வங்கி என்பது நன்றி மறக்காத நிறுவனம். ஒன்பதே நாளில் பதில் வந்தது. ‘தங்கள் நேர்மையைப் பெரிதும் மதிக்கிறோம். அதன் பொருட்டுத் தங்கள் கணக்கிற்கு “பாதுகாப்பு ஓய்வு” அளித்துள்ளோம்.’ ஓய்வு என்றால் அசையாது. அசைய வேண்டுமானால் மூன்று வழி: ஒன்று, குடியிருப்பு அட்டையைக் காட்டலாம். அல்லது அலுவலகத்துக்கு நேரில் வரலாம். இரண்டும் முடியாதவர்கள், தாங்கள் அந்த நாட்டில் வசிக்கவில்லை என்பதை வீடியோவில் நிரூபிக்கலாம். முப்பதாம் தேதிக்குள் மூன்றில் ஒன்றும் நடக்காவிட்டால் கணக்கு மூடப்படும்.

கணக்கு மூடினால் போகட்டும் என்று விடவும் வழியில்லை. பழைய கம்பெனி தரும் பென்ஷன் அந்த நாட்டு வங்கிக் கணக்குக்கு மட்டும்தான் வரும். ஒரே ஒரு மாசப் பணம் திரும்பிப் போனாலும் ‘ஆளைக் காணோம்’ என்று முத்திரை குத்தி நிரந்தரமாக நிறுத்திவிடுவார்கள். வீட்டில் அடுப்பு எரிவது அந்தப் பென்ஷனில்தான்.

“இருபத்தேழு வருஷம் குழியில இறங்கி ஏறிச் சம்பாதிச்ச பென்ஷன். அதை ஒரே லெட்டர்ல குழியில தள்ளிட்டீங்களேங்க!” என்றாள் மனைவி.

“உண்மையைத்தானே எழுதினேன்?”

“உண்மையை மனசுல வெச்சுக்கணும். ஸ்டாம்ப் ஒட்டி அனுப்பக் கூடாது.”

வீடியோவுக்கு நேரம் குறிக்க ஒரு ரகசிய எண் வேண்டும். அந்த எண்ணை வங்கி அவருடைய பழைய செல்போனுக்குத்தான் அனுப்பும். பழைய செல் நம்பரோ இப்போது அந்த நாட்டில் ஒரு சலூன்காரரிடம் இருந்தது. லிஃப்ட்காரர் தன் நம்பருக்குத் தானே போன் போட்டார். சலூன்காரர் பாதி ஷேவிங்கில் கத்தியைக் கீழே வைத்துவிட்டு ஆறு இலக்கத்தையும் பொறுமையாக வாசித்தார். ஒரு அந்நியரின் சொல்லை நம்பி ஒரு அந்நியர் உதவினார். பாதுகாப்பு ஏற்பாட்டில் பாதுகாப்பாக இருந்த பகுதி அது ஒன்றுதான்.

முப்பதாம் தேதி, பகல் மூன்று மணி. மகளின் லேப்டாப் சாப்பாட்டு மேஜையில் திறந்திருந்தது. லிஃப்ட்காரர் நடுவில், சாட்சிக்கு சர்வேயர் பக்கத்தில், மனைவி மூன்று டம்ளர் டீயோடு பின்னால். திரையில் கோட்டும் டையுமாக ஒரு இளைஞர் தோன்றினார். அவர் முதுகுக்குப் பின்னால் அந்த நாட்டுத் துறைமுகமும் வானளாவிய கட்டடங்களும் வெயிலில் மின்னின.

“காலை வணக்கம். நான் தங்கள் உறவு மேலாளர்” என்றார் அந்த நாட்டு ஆங்கிலத்தில், பாதி மூக்கால்.

“உறவா? எந்த வழியில?” என்றாள் மனைவி.

“சும்மா இரு. பேங்க்ல அப்படித்தான் சொல்லுவாங்க.”

“தாங்கள் எங்கள் நாட்டில் இல்லை என்பதற்கு ஆதாரத்தைக் காட்டவும்” என்றார் உறவு.

லிஃப்ட்காரர் பிளாஸ்டிக் உறைக்குள் இருந்த ரசீதைக் காட்டினார்.

“இது தாங்கள் அட்டையைக் கொடுத்ததற்கு ஆதாரம். புறப்பட்டதற்கு அல்ல.”

லேப்டாப்பைத் தூக்கி ஜன்னல் பக்கம் திருப்பினார். தெரு, மின்கம்பம், குப்பைத்தொட்டி மேல் ஒரு பூனை.

“இத்தகைய தெருக்கள் எங்கள் நாட்டிலும் உண்டு. பூனையும் உண்டு.”

“இவ என் சம்சாரம்.”

“துணையாக வந்திருக்கலாம்.”

சர்வேயர் பொறுக்க முடியாமல் குறுக்கே வந்தார். “இந்த மேஜை எந்த அட்சரேகை, எந்தத் தீர்க்கரேகைன்னு டிகிரி, நிமிஷம், செகண்டு சுத்தமா நான் எழுதித் தர்றேன், போதுமா?”

“சுய அளவீடுகள் ஏற்கப்படுவதில்லை.”

முப்பத்து நான்கு வருஷ சேவையில் சர்வேயரை இதைவிடக் கேவலமாக யாரும் பேசியதில்லை.

“தம்பி, எங்க இருக்கேன்னு கேட்டா காட்டலாம். இல்லாத இடத்துல இல்லைன்னு எப்படிக் காட்டறது?” என்றார் லிஃப்ட்காரர்.

“அது வாடிக்கையாளரின் பொறுப்பு.”

அந்த நேரம் பார்த்துத் தெருவில் பழைய சாமான் வாங்கும் வண்டி வந்தது. ஒலிபெருக்கியில் பதிவு செய்த குரல்: “பழைய பிரிட்ஜ், பழைய வாஷிங் மெஷின், ஒடஞ்ச நாற்கா… நாற்கா… நாற்காலி இருந்தாக் குடுக்கலாம்!” அந்த நாற்காலியில் மட்டும் பதிவு மூன்று தடவை இடறும். லிஃப்ட்காரர் வெட்கப்பட்டு ஜன்னலைச் சாத்தினார். வண்டி முனை திரும்பிப் போயிற்று.

நாலு நிமிஷம் போயிருக்கும். உறவு மேலாளர் விதி எண் பதினெட்டின் இரண்டாம் பிரிவை விளக்கிக்கொண்டிருந்தார். துறைமுகத்துக்கும் வானளாவிய கட்டடங்களுக்கும் அப்பாலிருந்து, லேப்டாப்புக்குள்ளிருந்து, தெள்ளத் தெளிவாக ஒரு குரல் வந்தது.

“ஒடஞ்ச நாற்கா… நாற்கா… நாற்காலி இருந்தாக் குடுக்கலாம்!”

“டேய், அந்த ஜன்னலைச் சாத்துங்கடா! சனியன், தினம் இதே நேரத்துக்கு வந்துடறான்!” என்றார் உறவு மேலாளர், மூக்கை விட்டுவிட்டு, முழு வாயால், நல்ல தமிழில்.

உடனே மூக்கு திரும்பி வந்தது. “தொழில்நுட்ப இடையூறு. பத்து நிமிடம் இணைப்பில் காத்திருக்கவும்.” சங்கீதம் ஒலித்தது; படம் மட்டும் அப்படியே ஓடிக்கொண்டிருந்தது.

மோட்டார் சத்தத்தை வைத்தே எந்தச் சக்கரம் தேய்ந்திருக்கிறது என்று சொல்லும் காது லிஃப்ட்காரருடையது. அவர் எழுந்தார்.

“எங்க மச்சான்?” என்றார் சர்வேயர்.

“பேங்குக்கு.”

“டீ?”

“மூடி வைக்கச் சொல்லு. வந்துடறேன்.”

தெருமுனை திரும்பினால் வண்டி நின்றிருந்தது. அதற்கு நேர் மேலே, முன்பு நாற்காலி மேஜை விற்ற கண்ணாடிக் கட்டடம். இப்போது பெயர்ப்பலகை இல்லை. ஐந்தாம் மாடியில் யாரோ கடைசி ஜன்னலைச் சாத்திக்கொண்டிருந்தார்கள்.

வாசலில் காவலாளி அவரை நிறுத்தினார். “யாரு நீங்க?”

“லிஃப்ட்காரர்.”

“அப்பாடா! மூணு வாரமா போன் பண்றோம், இப்பதான் வழி தெரிஞ்சுதா?”

லிஃப்ட்காரர் வாழ்நாளில் பொய் சொன்னதில்லை. அன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கதவுச் சென்சாரில் எவனோ சூயிங்கம் ஒட்டியிருந்தான். வீட்டுச் சாவியால் சுரண்டி எடுத்தார். மூன்று வாரம் மூர்ச்சையாகக் கிடந்த லிஃப்ட், அவரை ஏற்றிக்கொண்டு ஐந்தாம் மாடிக்குப் பறந்தது.

இதற்குள் வீட்டில், லேப்டாப்புக்கு முன்னால் தனியாக உட்கார்ந்திருந்த சர்வேயர் ஒரு காட்சி கண்டார். துறைமுகத்துக்குப் பக்கத்தில், கடல் தண்ணீருக்கு நடுவிலிருந்து, பனியனும் லுங்கியுமாக அவருடைய மச்சான் மெல்லத் தோன்றி, உறவு மேலாளரின் தோளைத் தட்டினார்.

“தம்பி, நேர்ல வந்துட்டேன்.”

மேலாளர் திரும்பிப் பார்த்தார். திரையைப் பார்த்தார். மறுபடி திரும்பிப் பார்த்தார். அப்புறம் நாற்காலியை நகர்த்திப் போட்டு, மெல்லிய குரலில், “சார், சத்தம் போடாதீங்க. வேலை நேரத்துல நாங்க அந்த நாட்டுல இருக்கறதாச் சொல்லணும்னு உத்தரவு” என்றார்.

“சாயங்காலம்?”

“ஆறு மணிக்கு இங்க வந்துடலாம் சார்.”

“உங்ககிட்ட யாரும் ஆதாரம் கேக்கறதில்லையா?”

மேலாளர் காலை மேஜைக்கு அடியில் இழுத்துக்கொண்டார். கோட்டுக்குக் கீழே அவரும் ரப்பர் செருப்புதான் போட்டிருந்தார்.

“எனக்கு எந்தச் சலுகையும் வேணாம். அலுவலகத்துக்கு நேர்ல வந்தா வேற ஆதாரம் வேணாம்னு உங்க லெட்டர்லயே இருக்கு. வந்துட்டேன்.”

“வந்தது எந்த அலுவலகம்னு எழுதணுமே சார்.”

“உங்க அலுவலக முகவரி என்ன?”

“காகிதத்துல… அந்த நாட்டு முகவரிதான்.”

“அப்ப அங்கதான் வந்தேன்னு நீ எழுதிக்கோ. நான் எங்க வந்தேன்னு எனக்குத் தெரியும்.”

மேலாளர் விதியைப் படித்தார், தலையைச் சொறிந்தார், ‘வாடிக்கையாளர் நேரில் ஆஜர்’ என்று தட்டினார். கணக்கு ஓய்விலிருந்து எழுந்தது. போகும்போது அவர் லிஃப்ட்காரரின் கையைப் பிடித்துக்கொண்டு, “லிஃப்டுக்கு ரொம்ப நன்றி சார். அஞ்சு மாடி ஏறி ஏறி நாக்குத் தள்ளிப்போச்சு” என்றார்.

வீட்டில் டீ ஆறவில்லை. லேசாக ஆடை கட்டியிருந்தது, அவ்வளவுதான்.

சர்வேயர் கண்ணால் கண்டதை நம்பும் ரகம் அல்ல. “படத்துக்குள்ள யாரை வேணா நுழைக்கலாம்” என்று இரண்டு வாரம் பிடிவாதமாக நின்றார். டீக்கடை அதையே பிடித்துக்கொண்டு லிஃப்ட்காரரை வறுத்தெடுத்தது. பென்ஷன் ஒழுங்காக வந்தது என்றாலும், பென்ஷன் வந்தவன் சொன்னால் யார் நம்புவார்கள்?

பதினைந்தாம் நாள் வங்கியிலிருந்து கடிதம் வந்தது. லிஃப்ட்காரர் அதை டீக்கடையில் உரக்க வாசித்தார். ‘முதுமையையும் பாராமல் நெடுந்தூரம் பயணம் செய்து எங்கள் அலுவலகத்துக்கு நேரில் வந்தமைக்கு நன்றி. பயணக் களைப்பு நீங்கியிருக்கும் என நம்புகிறோம்.’

சர்வேயர் எழுந்து போனார். வீட்டுப் பெட்டியிலிருந்து அளவு நாடாவை எடுத்து, லிஃப்ட்காரர் வீட்டு வாசற்படியில் ஒரு முனையை வைத்தார். முனை திரும்பினார், கட்டடத்தைச் சேர்ந்தார். சந்தேகத்துக்கு ஒரு தடவை திரும்பியும் அளந்துகொண்டு வந்தார். நெற்றி வியர்வையைத் துடைத்தார். பின்னாலேயே வந்த கடை மொத்தமும் வாசலில் நின்றது.

“அறுநூத்திப் பதினாலு மீட்டர். மச்சான் சொன்னது நிஜம். வெளிநாட்டு பேங்குக்கு நடந்துதான் போனார்” என்றார் சர்வேயர். பிறகு நாடாவைச் சுருட்டிக்கொண்டே சொன்னார்: “மச்சானும் அந்த பேங்கும், ரெண்டு பேருமே அந்த நாட்டை விட்டுக் கிளம்பி வந்தவங்கதான். வந்துட்டேன்னு ஒத்துக்கிட்டது மச்சான் மட்டும்தான். ஆதாரம் கேட்டது மத்தவன்.”