குணலட்சுமிக்குக் காட்டிய மலை

"கயிற்றை இடுப்பிலை கட்டு, குணம். நான் மேலை நிண்டு இழுக்கிறன்."

மார்கழிப் பனி மணற்காட்டு மேடுகளை மூடிக் கிடந்தது. எது மணல், எது முகில் என்று பிரித்தறிய முடியவில்லை. மிதித்த இடமெல்லாம் கனவுபோலக் காலடியில் கரைந்தது.

கதிரவேலு கிணறு வெட்டுகிறவர். உழைத்த காலம் முழுக்கக் கீழ்நோக்கியே போனவர். கலியாணம் முடித்த கிழமை, நுவரெலியாவுக்குக் கூட்டிப்போய் மலை காட்டுவதாக மனைவிக்குச் சொல்லியிருந்தார். பத்தொன்பது வருஷமாயிற்று. நுவரெலியா எட்டவில்லை, வீட்டிலிருந்து இரண்டு கட்டை தூரத்து மணல்மேடுதான் எட்டியது. இன்றைக்காவது குணலட்சுமி ஓர் உச்சியில் நின்று வாய்பிளக்க வேண்டும்.

கயிற்றை இழுத்தார். அவள் மேலே வரவில்லை. அவர்தான் சறுக்கிக்கொண்டு வந்து அவள் காலடியில் குப்புற விழுந்தார்.

"கும்பிட்டது காணும், எழும்புங்கோ."

"படி வெட்டினால் சரி," என்று மண்வெட்டியை எடுத்தார். நாலாவது படி வெட்ட, மேல்மணல் பொலபொலவென்று இறங்கி முதல் மூன்றையும் மூடியது. மகள் தர்சிகா முழங்கால்வரை புதைந்தாள்.

"அப்பா, நாங்கள் மலையேற வந்தனாங்களோ, கிணறு வெட்ட வந்தனாங்களோ?"

"பொத்தடி வாயை. இப்ப தோண்டி எடுக்கிறன்."

தோண்டத் தோண்டப் பிள்ளை இடுப்புவரை போனாள். இருவரும் சேர்ந்து இழுத்தெடுத்தபோது ஒரு செருப்பு மணலுக்கே சொந்தமாகிவிட்டது.

"அந்தச் சவுக்கு வேரைப் பிடிச்சு, சரிவாப் போய்ப் பாப்பமே?" குணலட்சுமி மெல்லக் கேட்டாள்.

"உனக்கென்ன தெரியும்? மண்ணுக்குள்ளை முப்பது வருஷம் கிடந்தவன் நான்."

கொஞ்சம் பொறுத்து, தானே கண்டுபிடித்தவர்போலச் சவுக்கு வேரைப் பிடித்தார்.

உச்சியில் தலைகள் பனிக்கு மேலே வந்தன. கீழே ஊரில்லை. பனைகளின் ஓலைவட்டுகள் மட்டும் பாலில் மிதந்தன. கடல் எங்கேயோ நித்திரையில் மூச்சுவிட்டது.

"எப்பிடி?" கதிரவேலு மனைவியின் முகத்தைப் பார்த்தார்.

"ஐயோ, இவ்வளவு உயரமே! உலகம் இப்பிடி இருக்குமெண்டு இண்டைக்குத்தானப்பா கண்டன்." அவர் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

அவருக்குக் கண் கலங்கியது. பத்தொன்பது வருஷப் பாரம் இறங்கிவிட்டது.

அப்போது மறுபக்கத்தால், தலையில் சருகுச் சாக்கோடு ஒரு பெண் மூச்சுக்கூட வாங்காமல் ஏறிவந்தாள்.

"என்ன குணமக்கா, நாளும் பொழுதும் நீங்களும் நாங்களும் சருகு கூட்ட வாற நல்ல பாதை இஞ்சாலை கிடக்க, இண்டைக்கு ஏன் உந்தப் பக்கத்தாலை இழுபட்டனீங்கள்?"